பந்திக்குப் பிந்துவோம்

தியானத்திற்குரிய வேதப்பகுதி: 1 கொரிந்தியர் 11:17–34, பிலிப்பியர் 2:1–30



'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்னும் பழமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. உண்ணும்போது முன்னே வருவதும், வில்லின் நாணை இழுக்கும்போது பின்னே செல்வதும் வலக்கையே; ஆகவே பழமொழி கையைக் குறித்ததேயன்றி மனிதரைக் குறித்ததன்று என்று நயமாகப் பொருள் உரைப்பாரும் உண்டு. அவ்விளக்கம் எனக்கும் பிடித்தமானதே. ஆயினும் நாம் அதை நேர்ப்பொருளிலேயே கடைப்பிடித்து வருகிறோம். கொரிந்து பட்டணத்துத் திருச்சபையும் அவ்வாறே கடைப்பிடித்தது. அதைக் கேள்விப்பட்டு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய கண்டிப்பையே இவ்வாரம் தியானத்திற்கு எடுத்துக்கொண்டேன். மனத்தாழ்மையைக் குறித்துப் பேச பிலிப்பியர் நிருபம் இருக்கையில் கொரிந்துக்கு ஏன் போகவேண்டும் என்று சிலர் வினவலாம். பிலிப்பி பட்டணத்திற்கும் வருவேன். ஆனால் தாழ்மையை வயிற்றோடு சேர்த்துப் பேசுகிற பகுதி கொரிந்தியருக்கு எழுதியதில்தான் இருக்கிறது.

வயிற்றோடு சேர்த்துப் பேசவேண்டிய காரணம் உண்டு. நம் திருச்சபைகளில் தாழ்மை ஒரு பேச்சுவழக்காகச் சுருங்கிவிட்டது. 'தகுதியற்ற அடியேன்', 'பாத்திரமல்லாத ஊழியக்காரன்', 'கர்த்தருடைய கரத்தில் ஒரு சிறு கருவி' என்னும் தொடர்கள் நம் நாவில் தானே வந்து விழுகின்றன. கூட்ட அறிவிப்புக்கு வைக்கப்படும் பிளக்ஸ் பலகைகளைப் பாருங்கள். கர்த்தருடைய எளிய ஊழியன் என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும். மேலே அவ்வெளியவரின் படம் ஆலயக் கோபுரத்தைவிடப் பெரிதாக இருக்கும். இவற்றை நகைப்பதற்காகச் சொல்லவில்லை. தன்னைக் குறைத்துப் பேசுவது எவருக்கும் செலவு வைப்பதில்லை என்பதற்காகச் சொல்லுகிறேன். பவுலோ கொரிந்தியரைப் பார்த்து, உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. யார் முதலில் சாப்பிட்டார், யாருக்கு மிஞ்சவில்லை என்று கேட்டார்.

அப்பட்டணத்தைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. பழைய கொரிந்து கி.மு. 146இல் ரோமரால் அழிக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பாழாய்க் கிடந்தபின், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் ஆணைப்படி ரோமக் குடியேற்றமாக மீண்டும் எழுப்பப்பட்டது. அங்கே குடியேறியவர்களில் பலர் விடுதலைபெற்ற அடிமைகள். லெகேயம், கெங்கிரேயா என்னும் இரண்டு துறைமுகங்கள் அதற்கு இருந்தன. கடல் வாணிபத்தால் பணம் விரைவாகச் சேர்ந்தது. முன்னோர் பெருமை இல்லாத ஊரில் புதிய பணமே பெருமையாகும். மேசையில் எந்த இடம், எந்த வகை உணவு என்பவை ஒருவருடைய நிலையைப் பிறர் கண்ணுக்குக் காட்டும் அடையாளங்கள். நம் ஊர்க் கலியாண மண்டபங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இந்தப் பட்டணத்தில் திருச்சபைக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒரு விசுவாசியின் வீட்டில் கூடினார்கள். ரோமர் நிருபத்தின் இறுதியில் சபை முழுவதையும் உபசரித்தவராகக் காயு என்பவரைப் பவுல் குறிப்பிடுகிறார். அதே வசனத்தில் நகரக் கருவூலப் பொறுப்பிலிருந்த ஏரஸ்துவின் பெயரும் வருகிறது. ஆகவே பணமும் செல்வாக்கும் உடையவர்கள் சிலராவது சபையில் இருந்தார்கள். அக்காலத்துச் செல்வர் வீடுகளில் உணவறை சிறியது. சாய்ந்து உண்பதற்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்கே இடம் இருக்கும். மற்றவர்கள் முற்றத்தில் உட்காரவேண்டும். கொரிந்தில் நடந்தது இதுவே என்று வேத ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். உள்ளே வீட்டுக்காரரும் அவருடைய தோழரும். வெளியே மற்றச் 'சகோதரர்கள்'.

அவ்வுலகத்தில் இது அநியாயமாகத் தோன்றவில்லை. பவுலுக்குச் சில பத்தாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த இளைய பிளினி என்னும் ரோமப் பிரமுகர், தாம் சென்றிருந்த ஒரு விருந்தைக் குறித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். அங்கே திராட்சரசம் மூன்று தரமாகப் பிரித்துச் சிறு குப்பிகளில் வைக்கப்பட்டிருந்தது: முதல் தரம் விருந்தளித்தவருக்கும் பிளினி போன்ற பெரியோருக்கும், இரண்டாவது சற்றே தாழ்ந்த நண்பர்களுக்கு, மூன்றாவது விடுதலைபெற்ற அடிமைகளுக்கு. பிளினிக்கு அது அருவருப்பாக இருந்தது. தம் மேசையில் எல்லாருக்கும் ஒரே உணவுதான் என்றும், அதற்காக அதிகம் செலவாவதில்லை என்றும், ஏனெனில் தம்முடைய குடிப்பை அவர்களுக்குக் கொடுப்பதற்குப் பதிலாக அவர்களுடையதைத் தாமும் குடிப்பதாகவும் எழுதுகிறார். பின்னாளில் பித்தினியா நாட்டின் ஆளுநராகி, கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவரும், அவர்கள் கூடி உண்பது சாதாரண உணவேயன்றி வேறொன்றுமில்லை என்று பேரரசன் திராயானுக்கு அறிக்கை அனுப்பியவரும் இவரே. கிறிஸ்துவை அறியாத ஒருவருக்கு உறுத்திய காரியம் கிறிஸ்துவின் பெயர் தரித்த கொரிந்தியருக்கு உறுத்தவில்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

இனி, கொரிந்து சபையில் பிந்தி வந்தவர்கள் யார்? சோம்பேறிகள் அல்லர். வாரத்தின் முதல் நாள் அக்காலத்தில் விடுமுறை நாளன்று. ரோமப் பேரரசில் ஞாயிறு ஓய்வுநாளாக்கப்பட்டது கான்ஸ்டன்டைன் காலத்தில், 321ஆம் ஆண்டில். பவுலின் நாட்களில் அடிமைக்குத் தன் நேரத்தின்மேல் அதிகாரம் இல்லை. துறைமுகத்தில் சுமை இறக்கியவன் இறக்கி முடித்தபின் வந்தான். எஜமானியம்மாளின் இரவு உணவுக்கு மேசை துடைத்தவள் துடைத்து முடித்தபின் வந்தாள். அவர்கள் வந்து சேர்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் உண்டு முடித்து, சிலர் குடித்து மயங்கியும் இருந்தார்கள். ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறித்திருந்தான் என்று பவுல் சொல்லுவது மிகைப்படுத்திச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் கொடுத்த தீர்ப்பைக் கவனியுங்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்தினீர்கள், தேவனுடைய சபையையே அசட்டை செய்தீர்கள் என்கிறார். நீங்கள் உண்டது கர்த்தருடைய பந்தியே அல்ல என்றும் சொல்லிவிடுகிறார். ஜெபம் இருந்தது, அப்பம் இருந்தது, பாத்திரம் இருந்தது. இருந்தும் அது கர்த்தருடைய பந்தி அன்று! அதன் பின்னரே, ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில் செய்ததை நினைவூட்டுகிறார். ஒவ்வொரு திருவிருந்து ஆராதனையிலும் நாம் பயபக்தியோடு எழுந்துநின்று கேட்கும் அவ்வார்த்தைகள், முதலில் ஒரு சாப்பாட்டுப் பிரச்சினைக்கு விடையாக எழுதப்பட்டவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இங்கே ஒன்றைக் குறுக்கே சொல்லிவிட விரும்புகிறேன். 'அபாத்திரமாய்' என்னும் அந்த ஒரு சொல்லைக் கேட்டு, தன் வாழ்வில் எங்கோ ஒரு குறை இருப்பதால் திருவிருந்தில் பங்குபெற அஞ்சிப் பின்வாங்கி நிற்கிறவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் மென்மையான மனச்சாட்சி உடையவர்கள். பவுல் அச்சொல்லை எழுதியபோது அவர் கண்முன் நின்றவர்கள் அவர்கள் அல்லர் என்பதே என் வாசிப்பு. பக்கத்தில் பசியோடு நிற்கும் சகோதரனைக் காணாமல் உண்டவனே அங்கு அபாத்திரமாய் உண்டவன். அழுதுகொண்டு பின்வரிசையில் நிற்பவர்கள் தயவுசெய்து முன்னே வாருங்கள்.

பவுலின் கட்டளை மிகச் சிறியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். கிரேக்கத்தில் அவர் பயன்படுத்தும் 'எக்தேகொமாய்' என்னும் வினைக்குக் காத்திருத்தல் என்றும், வரவேற்று ஏற்றுக்கொள்ளுதல் என்றும் இரு பொருள் கொள்வர். இரண்டும் பொருந்தும். ஆனால் இக்கட்டளை யாருக்கு இடப்பட்டது? எனக்கு இத்தியானத்தில் முக்கியமாகப்படுவது அதுவே. முற்றத்தில் பசியோடு நின்றவனுக்கு அது இடப்படவில்லை. அவன் ஏற்கெனவே காத்துக்கொண்டுதான் இருந்தான். கையில் உணவும் உட்கார இடமும் உடையவனுக்கே பிந்தும்படி சொல்லப்பட்டது. மனத்தாழ்மை என்பது முந்த வழியுள்ளவனுக்கு இடப்பட்ட கட்டளை.

நாமோ இதைத் தலைகீழாக்கிவிட்டோம். நம் பிரசங்கங்களில் தாழ்மை அதிகமாகப் போதிக்கப்படுவது யாருக்கு என்று எண்ணிப்பாருங்கள். வீட்டில் எல்லாரும் உண்டபின் சட்டியின் அடியில் மிஞ்சியதை உண்ணும் தாய்க்கு. மாமியார் வீட்டில் வாய் திறவாத மருமகளுக்கு. கணவனின் கையால் அடிபட்டு, முகம் வீங்கி, போதகர் வீட்டு வாசலில் வந்து நிற்கிற பெண்ணிடம், 'கொஞ்சம் தாழ்மையா போம்மா, கர்த்தர் பார்த்துக்குவார்' என்று சொல்லி அனுப்பிய மூப்பர்களை நான் அறிவேன். அது வேத ஆலோசனை அன்று. அவளைக் காப்பாற்றவேண்டிய தன் வேலையைத் தட்டிக்கழிப்பதற்குக் கண்டுபிடித்த சமாதான வார்த்தை. அவளுடைய தேவையை முதலாவதாக வைப்பதே அந்த மூப்பருக்கு உரிய தாழ்மை; தூக்கத்தை விட்டு எழுந்து, அந்த வீட்டுக்கு நடந்துபோய், அந்தக் கணவனிடம் பேசுவதும், தேவையானால் அவளைக் காவல் நிலையத்திற்கு அழைத்துச் செல்வதும் அதற்குள் அடங்கும்.

கோயில்பிள்ளையின் நிலையும் இப்படியே. மணி அடித்து, பாய் விரித்து, கல்லறைத் தோட்டத்தைப் பெருக்கி, மார்கழிக் குளிரில் நமக்கு முன் எழுந்து ஆலயத்தைத் திறக்கிறவர் அவர். சம்பளம் உயர்த்திக் கேட்டால், ஊழியத்தில் பணத்தைப் பார்க்கலாமா, தாழ்மை வேண்டாமா என்று கேட்கிற கமிட்டிகள் உண்டு. கேட்பவர் அதே கூட்டத்தில் தம் பெயர் கல்வெட்டில் எத்தனையாவது வரியில் வரும் என்றும் விசாரித்திருப்பார். பிறருடைய தாழ்மையைக் கொண்டு நம் பணத்தை மிச்சம் பிடிப்பதை என்னவென்று அழைப்பது?

இப்பொழுது பிலிப்பிக்கு வருகிறேன். அதுவும் ரோமக் குடியேற்றம். ஓய்வுபெற்ற போர்வீரர்கள் குடியமர்த்தப்பட்ட ஊர். வகித்த பதவிகளைக் கல்லில் வரிசையாகப் பொறித்து வைப்பதில் ஆர்வமுடைய ஊர். அத்தகையோரிடம் பவுல் 'தபெய்னொப்ரொசூனே', அதாவது மனத்தாழ்மை, என்னும் சொல்லை வைத்தார். அதன் வேர்ச்சொல் கிரேக்க உலகில் பெரும்பாலும் இழிவையே குறித்தது; அடிமைத்தனமான, அற்பமான என்னும் வாடை அதற்கு உண்டு. பெரியவர் ஒருவர் தம் மகனுக்கு வாழ்த்திச் சொல்லும் சொல் அன்று அது. பவுல் அச்சொல்லை எடுத்துத் தேவனுடைய ரூபமாயிருந்த கிறிஸ்துவின் கதையோடு இணைத்துவிட்டார். அந்தக் கதையிலும் திசை அதுவே என்பதைக் காணத் தவறாதீர்கள். எல்லாவற்றையும் உடையவர் தம்மை வெறுமையாக்கினார். ஒன்றுமில்லாதவர்களிடம் போய், இன்னும் கொஞ்சம் வெறுமையாகு என்று அவர் சொல்லவில்லை.

அந்த அதிகாரத்தின் முதற்பகுதி நமக்கு மனப்பாடம். அதன் பின்பகுதியை அநேகர் பயண அறிவிப்பு என்று கடந்துபோகிறோம். தீமோத்தேயுவையும் எப்பாப்பிரோதீத்துவையும் அனுப்புவதைப் பற்றிய வசனங்கள் அவை. எப்பாப்பிரோதீத்து பிலிப்பி சபையின் உதவியைச் சிறையிலிருந்த பவுலுக்குக் கொண்டுவந்து, அங்கேயே நோயுற்று மரணத்தின் விளிம்புக்குப் போய்வந்தவர். அவருடைய மனக்கவலை என்ன தெரியுமா? தாம் வியாதியாயிருந்த செய்தி ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிந்து, அவர்கள் கலங்கியிருப்பார்களே என்பது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, 'வீட்ல சொல்லாதீங்க, பயந்துருவாங்க' என்று சொல்லும் நம் தகப்பன்மார் நினைவுக்கு வருகிறார்கள். தம்மை அற்பமானவர் என்று எப்பாப்பிரோதீத்து எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. தம்மைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமில்லை.

யோவான் 13இல் ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவுகிறார். சுவிசேஷகன் அதற்குச் சற்று முன்னே வைக்கும் குறிப்பு ஆழமானது: பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்றும், தாம் எங்கிருந்து வந்து எங்கே போகிறார் என்றும் அறிந்தவராகவே அவர் எழுந்து துண்டை அரையில் கட்டிக்கொண்டார். தாம் யார் என்று அறியாதவரின் கூச்சத்தால் வந்த தாழ்மை அன்று அது.

பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவும் வழக்கம் சில ஆலயங்களில் உண்டு. அக்கால்கள் முன்பே வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவப்பட்டு வந்திருக்கும்! உண்மையில் அழுக்கும் புண்ணும் உள்ள காலை எடுத்துப் பார்த்த ஒருவரை நம் தமிழ்நாடு அறியும். டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் என்னும் மிஷனரி தம்பதியருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அப்போது தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று நம்பப்பட்டது. பிராண்டும் அவருடன் உழைத்தோரும் உற்றுப் பார்த்து, வேறொன்றைக் கண்டார்கள். உணர்ச்சியற்ற பாதத்தில் முள் குத்தினாலும் வலி தெரிவதில்லை; வலி தெரியாததால் நோயாளி அதன்மேலேயே நடக்கிறார்; நடக்க நடக்கப் புண் ஆழமாகிறது. அறுவை செய்து முடங்கிய கைகளை நிமிர்த்தியது அவருடைய புகழுக்குக் காரணம். ஆனால் என் மனத்தில் நிற்பது அவர் செருப்புக்குச் செலவிட்ட காலம். எந்த ரப்பர் மென்மையாயிருக்கும், பாதத்தின் எந்தப் பகுதியில் பாரம் விழுகிறது, எப்படித் தைத்தால் ஆணி தேவைப்படாது என்று ஓர் அறுவை மருத்துவர் ஆராய்ந்தார். வேலூரை அடுத்த கரிகிரியில் அப்பணி தொடர்ந்தது. நுண்துளை ரப்பர் செருப்புகள் ஆயிரமாயிரம் பாதங்களைக் காத்தன.

நம் நாட்டில் செருப்பைத் தொடுவது யாருடைய வேலை என்று எண்ணுகிறோம் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும். அவர் தம் அறிவை ஒளித்துவைத்துத் தாழ்மை காட்டவில்லை. தம்மிடமிருந்த முழு அறிவையும் கொண்டுபோய் நோயாளியின் குதிகாலின் கீழ் வைத்தார். அவருடைய தாயாரும் அத்தகையவரே. ஏறத்தாழ எழுபது வயதில் மிஷன் ஓய்வுகொடுத்த பின்னும் ஊருக்குத் திரும்பாமல் மலைக்கு ஏறி, 1974இல் மரிக்கும்வரை மலைவாழ் மக்களிடையே உழைத்தார்.

இவ்வளவும் எழுதியது நம் அசனப் பண்டிகையை மனத்தில் வைத்துத்தான். அசனம் என்பது நம் தென்மாவட்டச் சபைகளுக்குத் தேவன் தந்த ஈவு என்றே நான் எண்ணுகிறேன். ஒருவர் அரிசி தருகிறார்; ஒருவர் ஆடு தருகிறார்; ஒன்றும் தர இயலாதவர் விறகு பிளக்கிறார், வெங்காயம் உரிக்கிறார். இரவெல்லாம் அண்டாக்களில் வெந்து, விடியும்போது ஆலய வளாகம் முழுதும் மணக்கிறது. செல்வரும் ஏழையும் ஒரே சோற்றை ஒரே குழம்பில் பிசைந்து உண்கிற நாள் ஆண்டில் வேறு எது?

இந்த ஒரே பந்தி எளிதில் வந்ததன்று என்பதையும் இளையோர் அறியவேண்டும். தென்னிந்தியச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதும், திருவிருந்தில் ஒரு சாதியாருக்குப்பின் மற்றொரு சாதியார் வருவதும் நெடுங்காலம் வழக்கமாயிருந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிக்கப்படவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அதை ஏற்காமல் ஆலயத்தை விட்டு விலகினார்கள். கத்தோலிக்கச் சகோதரரிடையே, வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கிய ஆலயத்தில் இரு சாதியாருக்கும் இடையே சுவரே எழுப்பப்பட்டிருந்தது. 1910இல்தான் அது இடிந்தது. எந்தச் சபையும் மற்றதைப் பார்த்து விரல் நீட்டும் நிலையில் இல்லை. திருவிருந்துப் பாத்திரத்தில் முதலில் யார் வாய் வைப்பது என்பதே அன்றைய சண்டையின் உள்ளீடு. கொரிந்தின் கேள்வி அதேதான்.

இன்று நம் ஆலயத்தில் சுவர் இல்லை. ஆனால் அசனத்தன்று பந்தியில் உட்காராமல் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சிலர் இருக்கிறார்கள். எல்லாரையும் சொல்லவில்லை; வீட்டில் நோயாளி இருப்பவர், நடக்க முடியாதவர் வாங்கிப் போகட்டும். யாருக்குப் பக்கத்தில் உட்கார நேரிடுமோ என்பதற்காக வாங்கிப் போகிறவர்கள் தங்களை அறிவார்கள். தேவனும் அறிவார்.

அடுத்தது முதற்பந்தி. கமிட்டி அங்கத்தினர், நன்கொடையாளர், வெளியூர் விருந்தினர், போதகர் குடும்பம் ஆகியோருக்கு ஆராதனை முடிந்தவுடன் தனி அறையில் மேசை போட்டுப் பரிமாறுவது பல சபைகளில் நடக்கிறது. இங்கும் நெடுநாளாக நடந்து வருகிறது. கறித்துண்டுகள் அங்கே தாராளமாக விழும். நான்காம் பந்தி வரும்போது குழம்பில் உருளைக்கிழங்கு மிதக்கும். ஆறாம் பந்தியில் அதுவும் இராது. அந்த ஆறாம் பந்தியில் உட்காருகிறவர் யார்? இரவுப் பணி முடித்து நேரே வருகிற செவிலியர், ஞாயிறு காலையும் ஷிப்ட் உள்ள காவற்காரர், ஓட்டலில் மதிய வேலையை முடித்து ஓடிவருகிற தம்பிமார்; பிறகு சமைத்தவர்களும் பரிமாறியவர்களும். சமையற்கட்டில் பல ஆண்டுகளாக உழைக்கிற ஒரு முதிய தாயார் என்னிடம் குறையாக அன்றி, வெறும் தகவலாகச் சொன்னார்: 'எங்களுக்கு எப்பவும் அடிக்குழம்புதான், ஐயா.' கொரிந்தின் முற்றத்திலிருந்து வந்த குரல் போலிருந்தது எனக்கு.

ஆகவே கமிட்டியோடு கலந்து, இவ்வாண்டு சில மாற்றங்களைச் செய்யத் தீர்மானித்திருக்கிறோம். தனி அறையில் மேசை கிடையாது. முதற்பந்தியில் முதியோர், விதவைத் தாய்மார், கைக்குழந்தையோடு வந்தவர்கள், இரவெல்லாம் சமைத்தவர்கள் ஆகியோர் உட்காருவார்கள். அவர்களுக்குக் கமிட்டி அங்கத்தினரும் நானும் என் மனைவியும் பரிமாறுவோம். கறியில் ஒரு பங்கு தொடக்கத்திலேயே தனி அண்டாவில் எடுத்து மூடிவைக்கப்படும். கடைசிப் பந்திக்குமுன் அதைத் திறக்கக்கூடாது. வேலை முடித்து வருகிறவர்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் அவர்களுக்கு இலை போடப்படும். பரிமாறுகிற நாங்கள் அவர்களோடு உண்போம்.

விருந்தினர் மனம் நோவார்களே என்று ஒரு மூப்பர் கேட்டார். அக்கறையுள்ள கேள்விதான், விருந்தோம்பல் நம் பண்பாடு. விருந்தினரும் எல்லாரோடும் பந்தியில் உட்காரட்டும். தனியே உட்காரவேண்டும் என்று எதிர்பார்க்கிற விருந்தினர் ஒருவர் உண்டென்றால், அவர் மனம் சற்று நோவதால் திருச்சபைக்குக் கேடு வந்துவிடாது. இளைஞர் ஒருவர் இதைவிடக் கூர்மையாகக் கேட்டார்: 'ஐயா, எல்லாரும் பார்க்கக் கடைசியில உட்கார்றதும் ஒரு பெருமைதானே?' உண்மையே. லூக்கா 14இல் முதன்மையான இடங்களைத் தெரிந்துகொண்ட விருந்தாளிகளை ஆண்டவர் கவனித்தார். அங்கிருந்து கற்றுக்கொண்டு, மேலே அழைக்கப்படுவதற்காகவே கீழே போய் உட்காருகிற தந்திரத்தையும் மனித இருதயம் கண்டுபிடிக்கும். என் இருதயமும் விதிவிலக்கன்று. பரிமாறும்போது யாராவது கைபேசியில் படம் எடுத்து முகநூலில் போட்டால், அதை இரண்டு முறை பார்க்க எனக்கும் ஆசை வரும். அதனால் படம் எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும், என் பெருமை முற்றும் அழிந்தபின்தான் பரிமாறுவேன் என்று நான் காத்திருந்தால் அந்தத் தாயார் இவ்வாண்டும் அடிக்குழம்பையே உண்பார். என் உள்ளத்தை ஆண்டவர் ஆராயட்டும். அதற்குள் அவருடைய இலையில் கறி விழுந்துவிடட்டும்.

பணிகளுக்குப் பெயர் கொடுக்கும் தாள் ஆலய அலுவலக மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. சோறு, குழம்பு பரிமாறுவதற்குப் போதுமான பெயர்கள் வந்துவிட்டன. அத்தாளில் இனி எழுத இடமில்லை. எச்சில் இலை எடுப்பதற்கு இதுவரை மூன்று பேரே பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூவரும் ஒவ்வோர் ஆண்டும் எடுக்கிறவர்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடியும்வரை அந்தத் தாள் அங்கேயே இருக்கும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்